பின்னால் போகாத கடிகாரம்

நான் வேகமாகப் பேசினால் சொல்லுங்கள் மேடம், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது பல வருடமாக என் பொறுப்பில்தான் இருந்தது. நான் சொன்னது புரியவில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை.

எங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கான மருந்து பம்ப் தயாரிக்கிறது. படுக்கைக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, அதுதான். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு வலி தெரியாமல் இருக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்புக்குள் அனுப்பும். முதலில் மட்டும் கொஞ்சம் பெரிய அளவு. அதை ஆரம்ப டோஸ் என்போம். நர்ஸ் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் அது போகும், அதன் பிறகு சொட்டுதான். ஆரம்ப டோஸ் இரண்டு தடவை போய்விட்டால் நோயாளி நன்றாகத் தூங்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மூச்சும் தூங்கிவிடும். எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று அந்தப் பெட்டிக்குள் முடிவு செய்கிற மென்பொருள் நான் எழுதியது.

ஒரு மென்பொருளை முழுதாக ஓட்டிப் பார்ப்பதற்கு முன் துண்டு துண்டாக எடுத்துச் சோதிப்போம். யூனிட் டெஸ்ட் என்று பெயர். ஆனால் டோஸ் கொடுக்கிற துண்டு தனியாக நிற்காது. அதற்குக் கடிகாரம் வேண்டும், பேட்டரி வேண்டும், குழாயில் அழுத்தம் பார்க்கிற சென்சார் வேண்டும், பட்டனை அழுத்த ஒரு விரல் வேண்டும். சோதிக்கும்போது இவற்றை நிஜமாகக் கொண்டுவந்து வைக்க மாட்டோம். நிஜம் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு நாள் சென்சார் மக்கர் பண்ணும், ஒரு நாள் கேபிள் ஆடும், தப்பு எங்கே என்றே தெரியாமல் போய்விடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு டம்மியை நிறுத்துவோம். டம்மிக் கடிகாரம், டம்மி பேட்டரி. நாம் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லும்.

ஒவ்வொரு டெஸ்ட்டும் தொடங்குவதற்கு முன் இந்த டம்மிகளையெல்லாம் அதனதன் இடத்தில் வைப்பதற்கு செட்டப் என்று பெயர். கடிகாரத்தில் காலை ஒன்பது மணி, பேட்டரி நிறைவு, சென்சார் சரி. டெஸ்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அடுத்ததற்கு மறுபடி அதே ஒன்பது மணி. எனக்கு அந்த வேலை பிடிக்கும். எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான செட்டப்பை நான்தான் எழுதி வைத்திருந்தேன். டெஸ்ட் தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. எங்கள் அறைச் சுவரில் இருந்த பெரிய திரை, நான் பொறுப்பில் இருந்தவரை பச்சையாகத்தான் இருந்தது.

என் மனைவி நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் வேலை. கல்யாணமான புதிதிலிருந்தே அவளைச் சுற்றி ஆட்கள் அதிகம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் வார்டே கூட வரும். எந்த நோயாளி என்ன சொன்னார், எந்த டாக்டர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று ஒரே சிரிப்பு. போனை எடுத்தால் தோழி, வைத்தால் அவளுடைய அக்கா. சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விவரம் முழுதாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அந்த வார்டுக்கு ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர் வந்து சேர்ந்தார். தொடை எலும்பு உடைந்திருந்தது. வாய் ஓயாத மனிதர் போலிருக்கிறது. "சிஸ்டர், கால் சரியானதும் உங்கள முன் சீட்டுல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். ஆனா ஹோம்வொர்க் முடிச்சிருக்கணும்" என்பாராம். வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சு. ஆபரேஷன் முடிந்து அவரை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகிற வழியில், பேட்டரி தீரப்போகிறது என்று பம்ப் கத்தியிருக்கிறது. அவள் மாற்றினாள். ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தபோதே அவர் மூச்சு நின்றுவிட்டது.

அன்று மாலை அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"பம்புல ஆரம்ப டோஸ் ரெண்டு தடவ போனதா காட்டுதாம். நான் ஒரு தடவதாங்க அழுத்தினேன். நடுவுல பேட்டரிய மாத்தினேன். வேற ஒன்னும் பண்ணல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதும் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கென்று பொத்தான் மாதிரி ஒரு சின்ன செல் தனியாக உண்டு. அது பழசாகிச் செத்துப்போயிருந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். நான் எழுதிய துண்டு, ஆரம்ப டோஸ் கொடுத்த நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இப்போது என்பது அப்போதைக்கு முன்னால் இருந்தால் அதற்கு ஒன்றும் புரியாது. இன்னும் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, யாரும் பட்டனைத் தொடாமலே மறுபடி கொடுத்துவிடும். என் டெஸ்ட் எதிலும் இது தெரிந்திருக்க வழியில்லை. என் டம்மிக் கடிகாரம் பின்னால் போனதே இல்லை. எழுதும்போது இது என் மனதில் வரவில்லை. அதுவரைக்கும் என் மேல் தப்பு கிடையாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்க பம்புல ஏதாவது கோளாறு இருக்குமா?"

"இருக்காதும்மா. எல்லா டெஸ்ட்டும் பச்சை" என்றேன்.

அது பொய்யில்லை.

ஆஸ்பத்திரி அந்தப் பம்பை எங்களுக்கு அனுப்பி வைத்தது. மேனேஜர் அதை என் மேஜையில் வைத்து, "நீயே ஒரு தடவ பாத்துடுப்பா. வெளிய தெரிஞ்சா ஆளாளுக்குக் கத கட்டுவாங்க" என்றார். அந்த நர்ஸ் என் மனைவி என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். சின்ன செல் செத்துத்தான் போயிருந்தது. புதுசு போட்டேன். பராமரிப்புக்கு வருகிற எந்தப் பம்புக்கும் செய்கிற காரியம்தான் அது. பிறகு எல்லாச் சோதனையும் ஓட்டினேன். பம்பில் குறையில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் பம்ப் அப்போது எத்தனையோ வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். வலியில் துடிக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று யோசியுங்கள். அடுத்த வெர்ஷனில் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை.

ஆஸ்பத்திரி விசாரணைக்கு அவள் போக வேண்டியிருந்தது. அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். அவள் மறுபடி மறுபடி ஒரு தடவை, ஒரு தடவை என்றே சொன்னாள். அப்படிச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, பொய் சொல்கிறாள் என்ற கெட்ட பெயர்தான் மிஞ்சும். அதனால்தான் சொன்னேன்.

"அன்னிக்கு சாயந்திரம் நீ என்கிட்ட வேற மாதிரி சொன்னியேம்மா."

"என்ன சொன்னேன்?"

"அழுத்துனது போச்சா இல்லையான்னு தெரியாம மறுபடி அழுத்திட்டேன்னு சொன்ன. அழுதுகிட்டே சொன்ன. ஞாபகம் இல்லையா?"

அவள் ரொம்ப நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா சொன்னேன்" என்றாள். நான் தலையில் கை வைத்துத் தடவிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவே தேவைப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளே ஞாபகப்படுத்திக்கொண்டாள். இரண்டாவது தடவை அழுத்தும்போது பட்டன் வழுக்கியது என்றாள். டிரைவர் கண்ணைத் திறந்து பார்த்தார் என்றாள். அதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. விசாரணையில் அவள் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போயிற்று. இனி எங்கேயும் நர்ஸாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

மைக்ரோவேவ் பீப் அடித்தால் எழுந்து ஓடுவாள். அதன் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். காலிங் பெல்லைக் கழற்றினேன். போன் அடித்தால் உடம்பு உதறும் என்பதால் போனை நான் வைத்துக்கொண்டேன். தோழிகள் கூப்பிட்டால் தூங்குகிறாள் என்பேன். அக்கா கூப்பிட்டால், யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள் என்பேன். அவளிடம், அக்காவுக்கு உன் மேல் வருத்தம்தான், கொஞ்ச நாள் போகட்டும் என்பேன். கொஞ்ச நாளில் எல்லோரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், என்ன உடுத்தலாம் என்று சொல்வதும், ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் நான்தான். எதுவாக இருந்தாலும் என்னிடம் கேட்டுத்தான் செய்வாள். "நான் சாப்பிட்டேனாங்க?" என்று கேட்பாள். சாப்பிட்டாய் என்றால் சரி என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "அவரு வந்திருக்காரு" என்றாள்.

"யாரு?"

"டிரைவர். ஒன்னும் பேச மாட்டேங்கறாரு. எப்பவும் பேசிக்கிட்டே இருப்பாரே."

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நாற்காலியில் நான் அதற்குப் பிறகு உட்கார்ந்ததில்லை. அவளுக்குத் தட்டு வைக்கும்போது அதன் மேல் கை படாமல் சுற்றிக்கொண்டு போவேன். அலுவலகத்தில் எந்தப் பம்பும் இணைக்காத மேஜையிலிருந்து பேட்டரி தீருகிற சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார். ஒரு தடவை மேஜை இழுப்பறையைக்கூடத் திறந்து பார்த்தேன். தூக்கம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் டெஸ்ட் எழுத ஒரு பெண் வந்தாள். எதைச் சொன்னாலும் "சார், ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பாள். அதனால் டவுட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது, அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வந்த கொஞ்ச நாளிலேயே என் செட்டப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், ஒரு டவுட்டு. எல்லா டெஸ்ட்டுக்கும் இந்த ஒரே கடிகாரந்தான். எல்லாத்துலயும் ஒம்பது மணி. எதுலயுமே இது பின்னாடி போகல."

"கடிகாரம் ஏம்மா பின்னாடி போகப் போகுது?"

"போகாதுன்னு நமக்கு எப்படி சார் தெரியும்? நாமளே வெச்ச டம்மிகிட்ட நாமளே கேட்டு, அதுவும் ஆமான்னு சொல்லுது. அவ்ளோதானே நடக்குது?"

நல்ல கேள்வி. வேறு சமயமாக இருந்தால் பாராட்டியிருப்பேன். அடுத்த நாள், பொது செட்டப்பைத் தொடாமல், தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்து ஒரு டெஸ்ட் எழுதினாள். அதில் பேட்டரி போய் வரும்போது நேரம் பூஜ்யமாகும். சுவர்த் திரையில் சிவப்பு வந்தது. எங்கள் அறையில் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா மேடம்? வீட்டில் என் மனைவி கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தச் சிவப்பு ஒன்று போதும், அவள் மறுநாளே வார்டுக்குத் திரும்பிவிடலாம். போன் அடிக்கும். அக்கா வருவாள். மேஜையில் அந்தப் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் போனேன். செட்டப் எல்லாம் கலைந்து கிடக்கிறது, ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லி எல்லா டெஸ்ட்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தேன். யார் எந்தக் கடிகாரத்தை வைத்தாலும், டெஸ்ட் தொடங்குகிற கடைசி நொடியில் பொது செட்டப் தன் ஒன்பது மணிக் கடிகாரத்தை அதன் இடத்தில் வைத்துவிடும். அவளுடைய டெஸ்ட்டில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அது பச்சையாகிவிட்டது.

"சார், நேத்து செவப்பா இருந்துச்சு" என்று அவள் வந்து நின்றாள்.

"உன் மெஷின்ல பழசு ஏதாவது மிச்சம் இருந்திருக்கும். செட்டப் சரியா இல்லன்னா அப்படித்தான், ஒரு டெஸ்ட்டோட அழுக்கு இன்னொன்னுல ஒட்டிக்கும். நிஜக் கடிகாரத்துக்கு உள்ள தனியா ஒரு செல் இருக்கும்மா, அது பின்னாடி போகவே விடாது."

அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து வருடமாக இதிலேயே ஊறியவன் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள். எவ்வளவு சுத்தமாகி இருக்கிறது பாருங்கள் என்று மேனேஜர் எல்லோருக்கும் காட்டினார். கொஞ்ச நாளில் டவுட்டை வேறு குழுவுக்கு மாற்றச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண், இங்கே வீணாகிறாள் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

கோளாறைச் சரி செய்ய ஒரு வரி போதும். அந்த வரியை நான் எழுதவில்லை. புதிதாக ஒரு வரி வந்தால் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். புது வெர்ஷன் அப்படியே போயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு டீச்சரம்மா இறந்துபோனார். இடுப்பு ஆபரேஷன். எங்கள் பம்ப்தான். ஆரம்ப டோஸை இரண்டு தடவை கொடுத்துவிட்டதாக டிவியில் ஒரு நர்ஸின் படத்தைக் காட்டினார்கள். சின்னப் பெண். டிவியை அணைக்க எழுந்தேன். அதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன மாதிரியே ஒரு பொண்ணு" என்றாள். பிறகு, "நான் அந்தப் பொண்ண பாக்கணும்" என்றாள்.

எவ்வளவோ நாளாக அவள் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதால் மனம் இலேசாகும் என்று நினைத்தேன். முகவரி விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

மாடி வீடு. அந்தப் பெண்ணின் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கதவோரம் நின்றுகொண்டார். பெண் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தது. என் மனைவி அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனச விட்டுடாதம்மா. நானும் உன்ன மாதிரிதான் ரெண்டு தடவ அழுத்திட்டேன்."

"நான் ஒரு தடவதான்க்கா அழுத்தினேன். சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அப்புறந்தான் ஞாபகம் வரும்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. ஒரு தடவ அழுத்தினேன். சொட்டு ஆரம்பிச்சுது. அப்புறம் பேட்டரி தீரப்போகுதுன்னு கத்துச்சு, மாத்தினேன். அதுக்கப்புறம் கைகூட வெக்கல."

என் மனைவி டீ கப்பைக் கையில் வைத்திருந்தாள். மெல்ல அதைக் கீழே வைத்தாள். தட்டில் சத்தமே வராமல், வார்டில் நோயாளி தூங்கும்போது வைக்கிற மாதிரி வைத்தாள்.

"பேட்டரி மாத்துனியா?"

"ஆமாக்கா."

"மாத்துனதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது போச்சா?"

"ஆமாக்கா. ஏன்?"

அவள் என் பக்கம் உடனே திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் அறையின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிற மாதிரி அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகுதான் திரும்பினாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் படிப்பதுபோல என்னைப் படித்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் உங்ககிட்ட பேட்டரின்னு சொன்னேன்ல?" என்றாள்.

"வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்மா" என்றேன்.

வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கதவைத் திறந்து இறங்கினாள். யாரிடமும் கேட்காமல் இறங்கினாள். நடக்கிற கூட்டத்துக்குள் அவள் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். திரும்பி வந்தால் என்னைத் தேடக்கூடாதே என்று.

மிச்சம் உங்களுக்கே தெரியும். அவள் அக்கா வீட்டுக்குப் போனாள், அக்காவோடு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். நீங்கள் கம்பெனிக்கு வந்து கேட்டபோது டவுட்டு தன் பழைய டெஸ்ட்டை மறுபடி எழுதி, டம்மியைத் தூக்கி எறிந்துவிட்டு செல் செத்த ஒரு நிஜக் கடிகாரத்தை வைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறாள். சிவப்பு வந்ததாம். வராமல் என்ன செய்யும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன், மழுப்ப ஒன்றும் இல்லை. பம்பில் கோளாறு என்பது எனக்கு முதல் நாள் மாலையே தெரியும். அவள் ஒரு தடவைதான் அழுத்தினாள் என்பதும் தெரியும். செத்த செல்லை எடுத்தது நான், செட்டப்பை மாற்றியது நான், அவள் செய்யாததை அவள் ஞாபகத்தில் வைத்தது நான். டிரைவர் போனது தெரியாமல் நடந்தது. டீச்சரம்மா போனது அப்படியில்லை. போவார் என்று தெரியாது, ஆனால் யாராவது ஒருவர் போவார் என்று தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளுக்குக் கெடுதல் செய்ய நினைத்தேன் என்று அவள் அக்கா சொல்லியிருக்கிறாளே, அதை. அந்த வருடம் முழுக்க ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. ஒரு சத்தம் அவள் காதில் விழ நான் விட்டதில்லை. இப்போது அக்கா வீட்டில் குழந்தைகளும் குக்கரும் டிவியுமாக அந்த இரைச்சலில் அவள் எப்படி இருப்பாளோ என்றுதான் எனக்குக் கவலை.

என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். சரி. அவளிடம் இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் மேடம், அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு ஞாபகம் சரியாக நிற்பதில்லை.